பனிமலையில் வாத்தியார் வேலை: போகலாமா, வேண்டாமா?

ஆண்டிறுதி விடுமுறைக்கு ஜப்பானின் ஹொக்காய்டோ தீவுக்குப் போய்வரும் மலேசியக் குடும்பங்கள் இப்போது நிறைய. அங்கே நிசெக்கோ மலையடிவாரத்தில் உள்ள ‘நிசெக்கோ வில்லேஜ்’ உல்லாசத்தலமே 2010 முதல் நம் நாட்டு ஒய்டிஎல் குழுமத்தின் கையில்தான் இருக்கிறது. ஐந்து நாள் பனிச்சறுக்கு வகுப்பு, கன்னம் சிவந்த பிள்ளைகள், கைப்பேசி நிறையப் படங்கள். ஊர் திரும்பி, கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொள்ளும் முதல் திங்கட்கிழமை காலையில் 26, 27 வயதுக்காரர்கள் சிலருக்கு ஓர் எண்ணம் எட்டிப் பார்க்கிறது: ‘அந்தப் பயிற்றுநர் மாதிரி நாமும் போய்விட்டால் என்ன?’

அந்த எண்ணத்தை வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள், அல்லது கோபப்படுவார்கள். இரண்டுமே நியாயமில்லை. இது உண்மையான தொழில். ஆனால் விடுமுறையில் நாம் பார்ப்பது அதன் ஒரு பக்கத்தை மட்டும்தான்.

முதலில் வேலையைப் பார்ப்போம். புதிதாகச் சேரும் பயிற்றுநர் உச்சியிலிருந்து பறந்து வருவதில்லை. அவர் நாளில் பெரும்பகுதி அடிவாரத்தில், ‘மேஜிக் கார்ப்பெட்’ என்று அழைக்கப்படும் நகரும் பட்டையின் அருகில் கழிகிறது. ஐந்து வயதுப் பிள்ளைகளின் காலணியை இறுக்கிவிட வேண்டும். ஒரு கையுறை தொலைந்துவிடும். ஒரு பிள்ளை அம்மா வேண்டும் என்று அழும். இன்னொன்றுக்கு, மூன்றடுக்கு உடையும் மாட்டி முடித்த பிறகுதான் கழிவறை நினைவுக்கு வரும். சறுக்குப் பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்பக்கத்தை விரித்து வேகத்தைக் குறைக்கும் முறைக்குப் பிள்ளைகளிடம் ‘பீட்சா’ என்று பெயர். அந்த ஒரு சொல்லை நாள் முழுக்கக் கத்த வேண்டியிருக்கும். விழுந்த பிள்ளையைத் தூக்கிவிடக் கூடாது, தானாக எழக் கற்றுக்கொடுக்க வேண்டும். இதையெல்லாம் சுழியத்துக்குக் கீழே போன குளிரில், முகத்தில் பனி அடிக்க, சிரித்தபடி செய்ய வேண்டும்.

பல்கலைக்கழக நாட்களில் வீட்டுக்கு வீடு போய் டியூஷன் எடுத்தவர்களுக்கு இந்த வேலை ஒத்துவரும் என்பது என் கணிப்பு. பெருக்கல் வாய்ப்பாட்டை ஏழாவது முறை எரிச்சல் இல்லாமல் சொல்லிக்கொடுத்தவருக்கு ‘பீட்சா’ பெரிய விஷயமாக இருக்காது. நன்றாகச் சறுக்கத் தெரிந்தும் கற்பிக்கப் பொறுமை இல்லாதவர்தான் இரண்டே வாரத்தில் சலித்துப்போவார்.

சான்றிதழ் கிடைப்பது, பலர் நினைப்பதைவிட எளிது. கனடா பயிற்றுநர் சங்கத்தின் முதல்நிலைப் பயிற்சி மூன்றே நாள். பிரிட்டன் சங்கத்தினுடையது ஐந்து நாள்; அதோடு முதலுதவி, சிறார் பாதுகாப்புப் பாடங்களும், பயிற்சிப் பள்ளியில் உடனிருந்து கவனிக்கும் மணிநேரங்களும் உண்டு. நியூசிலாந்து, ஆஸ்திரேலியச் சங்கங்களுக்கும் இதுபோன்ற படிநிலைகள் இருக்கின்றன. முதல்நிலை என்றால் தொடக்கநிலையாளருக்குக் கற்பிக்கலாம் என்று பொருள். ஆனால் அந்தத் தேர்வில் உட்காரவே, திருப்பங்களைக் கட்டுப்பாட்டோடு எடுக்குமளவு பனியில் பழகியிருக்க வேண்டும். பனியே விழாத நாட்டில் வளர்ந்த நமக்கு உண்மையான செலவு அந்தப் பழக்கம்தான். தங்குமிடத்தோடு சில வாரங்கள் நடத்தும் முழுப் பயிற்சித் திட்டங்கள் பல பத்தாயிரம் ரிங்கிட்டைத் தொடும். ‘வேலை உத்தரவாதம்’ என்று விளம்பரம் செய்பவர்களிடம், விசாவுக்கும் உத்தரவாதம் உண்டா என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

ஏனென்றால் கனவு பெரும்பாலும் உடைவது விசாவில்தான். கனடாவின் இளையோர் வேலைத் திட்டத்தில் மலேசியாவும் இல்லை, சிங்கப்பூரும் இல்லை. ஜப்பானின் ‘விடுமுறை வேலை’ விசாப் பட்டியலிலும் நாம் இல்லை. தைவானியருக்கும் ஹாங்காங்காரருக்கும் அது கிடைக்கிறது. ஜப்பானில் பயிற்றுநராக முறைப்படி வேலை செய்ய ‘திறன் தொழில்’ விசா ஒன்று உண்டு. அதற்குப் பொதுவாக மூன்று ஆண்டு அனுபவமோ ஏற்கப்பட்ட தகுதியோ கேட்பார்கள். ஆக, ஆசை பிறந்த நிசெக்கோவிலேயே முதல் வேலை கிடைப்பது கடினம்.

நமக்குத் திறந்திருக்கும் கதவுகள் தெற்கே இருக்கின்றன. நியூசிலாந்தின் ‘விடுமுறை வேலை’ விசா 18 முதல் 30 வயது வரையிலான மலேசியருக்குக் கிடைக்கும். ஆறு மாதம் தங்கலாம். ஆஸ்திரேலியாவின் 462 பிரிவு விசாவுக்கும் அதே வயது வரம்புதான். மலேசியரும் சிங்கப்பூரரும் விண்ணப்பிக்கலாம், ஓராண்டு தங்கலாம், உயர்கல்வித் தகுதி வேண்டும். இரண்டிலும் இடங்கள் குறைவு. ஒரே முதலாளியிடம் எத்தனை மாதம் வேலை செய்யலாம் என்ற நிபந்தனையையும் படித்துவிட்டே ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்துவிட்டு 32 வயதில் போகிறேன்’ என்ற கணக்கு இங்கே செல்லாது.

தெற்கு அரைக்கோளத்தில் இன்னொரு வசதியும் உண்டு. குவீன்ஸ்டவுன் பக்கத்தில் உள்ள கோரனட் பீக், ரிமார்க்கபிள்ஸ், வனாகா பக்கத்தில் உள்ள கார்ட்ரோனா, ஆஸ்திரேலியாவின் திரெட்போ, பெரிஷர் ஆகிய மலைகளில் பருவம் ஏறக்குறைய ஜூன் முதல் அக்டோபர் தொடக்கம் வரை. பருவம் முடிந்து தீபாவளிக்கு வீடு வந்துவிடலாம். வடக்கே போனால் பொங்கலும் தைப்பூசமும் பனியோடு போய்விடும். அம்மாவிடம் பேசும்போது இது சின்ன விஷயமில்லை.

இனி அப்பாவின் கேள்வி: சம்பளம் எவ்வளவு? நியூசிலாந்தில் 2025 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 23.50 அந்நாட்டு டாலராக நிர்ணயிக்கப்பட்டது. ரிங்கிட்டில் 50-ஐத் தாண்டும். கேட்க இனிக்கிறது. ஆனால் பல பனிச்சறுக்குப் பள்ளிகளில் புதிய பயிற்றுநருக்கு வகுப்பு நடக்கும் மணிநேரத்துக்குத்தான் முழுக் கூலி. காலையில் சீருடையோடு வரிசையில் நிற்க வேண்டும். மூத்தவர்களுக்குப் போக மிஞ்சிய வகுப்பு அன்று உங்களுக்கு வரலாம், வராமலும் போகலாம். பனி தாமதமானாலும் பலத்த காற்றால் மின்தூக்கிகள் நின்றாலும் வருமானமும் நிற்கும். வாரத்துக்கு 15 மணிநேர வகுப்பு என்று வைத்துக்கொண்டால் 352 டாலர்தான், அதுவும் வரிக்கு முன். குவீன்ஸ்டவுனில் வாடகை அறைக்கு எப்போதும் தட்டுப்பாடு. அந்தப் பணத்தில் பெரும்பகுதியை வாடகையே விழுங்கும். மாலையில் உணவகத்தில் தட்டுக் கழுவும் பயிற்றுநர்கள் அங்கே சாதாரணம்.

இங்கே ஊரில் ஓடும் கணக்குகளும் நிற்கப்போவதில்லை. பிடிபிடிஎன் கடன் தவணை மாதாமாதம் வரும். மைவி காருக்குத் தவணை ஓடிக்கொண்டிருக்கும். ஊழியர் சேமநிதிக்கு முதலாளியின் பங்கு நின்றுபோகும். கிள்ளானில் இருந்து கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகும் 27 வயதுக் கணக்காய்வாளர் ஒருவர், ஆறு மாதத் தவணைகளையும் திரும்பி வந்தபின் வேலை தேடும் மூன்று மாதச் செலவையும் தனியாக எடுத்துவைக்க முடிந்தால் புறப்படலாம். பெற்றோரின் சேமிப்பில் கை வைத்துத்தான் போக வேண்டும் என்றால், என் கருத்தில், கூடாது. சிங்கப்பூர் ஆண்களுக்குக் கூடுதலாகத் தேசிய சேவைக் கடமை இருக்கிறது. நீண்டநாள் வெளிநாட்டில் தங்க என்ன அனுமதி வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

உடம்பையும் மறக்கக் கூடாது. இந்த விளையாட்டில் முழங்கால் தசைநார் கிழிவது அடிக்கடி நடக்கும் காயம். கைத்தடியோடு விழும்போது கட்டைவிரல் மூட்டின் தசைநார் கிழிவதற்கு ஆங்கிலத்தில் ‘ஸ்கீயர் கட்டைவிரல்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சாதாரணப் பயணக் காப்புறுதி பல நேரங்களில் சம்பளத்துக்குச் செய்யும் வேலையை ஏற்காது. கொள்கைப் பத்திரத்தின் சின்ன எழுத்துகளை வாசிக்காமல் விமானம் ஏறாதீர்கள்.

மொழியைப் பொறுத்தவரை நமக்குச் சாதகம் உண்டு. மலாயும் ஆங்கிலமும் தெரிந்தவர், கொஞ்சம் மாண்டரினும் பேசினால், ஆசிய வாடிக்கையாளர் அதிகம் வரும் பள்ளிகள் அவரைக் கவனிக்கும். தமிழுக்கு அங்கே வேலை குறைவுதான், விடுமுறைக்கு வரும் நம் குடும்பம் ஒன்று எதிர்ப்பட்டால் தவிர.

இன்னும் முடிவுக்கு வர முடியாதவர்களுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. முதல் பருவத்தில் பயிற்றுநராகவே போக வேண்டியதில்லை. மின்தூக்கி இயக்குவது, சறுக்குப் பலகை வாடகைக் கடை, சமையலறை என்று அதே மலையில் சான்றிதழ் கேட்காத வேலைகள் உள்ளன. மணிநேரம் ஓரளவு சீராக இருக்கும். பெரும்பாலும் பருவம் முழுவதற்குமான மலை அனுமதிச் சீட்டும் கிடைக்கும். ஓய்வு நாட்களில் பழகி, பருவ முடிவில் முதல்நிலைத் தேர்வை எழுதிப் பார்க்கலாம். ஜூன் பருவத்துக்கான ஆளெடுப்பு ஆண்டின் முதல் மாதங்களிலேயே தொடங்கிவிடும். அதற்குள் விசா விண்ணப்பம் எப்போது திறக்கிறது என்பதை அந்தந்த நாட்டுக் குடிநுழைவுத் துறையின் பக்கத்தில் பார்த்து, தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.