கொலைகாரன் முன்னாடியே வந்திருக்கணும்!

"முதல் இருபது பக்கத்துக்குள்ள கொலைகாரன் தலையைக் காட்டியிருக்கணும். அப்படி இல்லாம கடைசியில யாரோ ஒருத்தனைக் கூட்டிட்டு வந்து 'இவன்தான் செஞ்சான்'னு சொன்னா, அது ஏமாத்து வேலை சார். காசைத் திருப்பிக் கேக்கணும் போல இருக்கும்."

சொன்னவர் சூளகிரியில் கொத்தமல்லி, புதினா கமிஷன் கடை வைத்திருப்பவர். விடியற்காலையில் கட்டுகள் கைமாறி, வண்டிகள் பெங்களூருக்கும் சென்னைக்கும் கிளம்பிவிட்டால், வெயில் ஏறிய பிறகு அவருக்கு வேலை குறைவு. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் அட்டை கிழிந்த மாத நாவல்கள் அடுக்கி வைத்திருக்கிறார்.

1929-இல் இங்கிலாந்தில் ரொனால்ட் நாக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் துப்பறியும் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். அதில் முதலாவது இதுவேதான்: குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே வந்திருக்க வேண்டும். நாக்ஸின் பெயர்கூடத் தெரியாமல், முப்பது வருட வாசிப்பில் அதே சட்டத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார் நம் கமிஷன் கடைக்காரர். மர்ம நாவல் படிப்பவர்கள் கண்டதையும் விழுங்குவார்கள் என்று இலக்கியக்காரர்கள் சொல்லிக் கேட்டுக் கேட்டு நமக்கும் பழகிவிட்டது. சூளகிரியில் இரண்டு நாள் சுற்றிப் பேசினால் அந்த எண்ணம் மாறிவிடும். கவிதை படிப்பவர்களைவிட இவர்கள் கறாரானவர்கள்.

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே, தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர் சூளகிரி. ஒரு பக்கம் காய்கறித் தோட்டங்களும் ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்களும். இன்னொரு பக்கம் தொழிற்சாலைகளும், அவற்றுக்கு ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்களும். பல வீடுகளில் பேச்சு தெலுங்கு. சிலவற்றில் கன்னடம். கடைத்தெருவில் தமிழும் சேர்ந்து மூன்றும் கலந்து ஓடும். ஆகவே இங்கே துப்பறிவாளர்களும் மூன்று மொழிக்காரர்கள்.

ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வரிசையாகச் சொன்னார். அவருடைய அப்பா படித்தது கொம்மூரி சாம்பசிவராவின் தெலுங்கு நாவல்கள். அவற்றின் நாயகன் டிடெக்டிவ் யுகந்தர். பெங்களூரில் வேலை பார்த்த சித்தப்பா கொண்டுவந்தது என். நரசிம்மய்யாவின் கன்னட நாவல்கள். பஸ் கண்டக்டராக வேலை பார்த்த நரசிம்மய்யா, ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிக் குவித்தவர். அவருடைய துப்பறிவாளன் பத்தேதார புருஷோத்தமனுக்குக் கர்நாடகம் முழுக்க ரசிகர்கள். தபால்காரர் மட்டும் தமிழ்வாணனின் சங்கர்லால் பக்கம் சாய்ந்தார். "எங்க வீட்டுல தெலுங்கு. நான் தமிழை நல்லாப் படிக்கக் கத்துக்கிட்டதே சங்கர்லாலாலதான். பள்ளிக்கூடத்துப் புஸ்தகத்துல அடுத்த பக்கம் என்ன ஆகும்னு யாருக்குக் கவலை?" என்கிறார். சங்கர்லால் தேநீர் குடித்த எண்ணிக்கைக்குத் தானும் சளைக்காமல் குடித்ததாக ஒரு கொசுறு.

தமிழில் இந்த வகைக்கு நூறு வருடத்துக்கு மேல் வயது. ஆரணி குப்புசாமி முதலியார், துப்பறியும் கோவிந்தனைப் படைத்த ஜே.ஆர். ரங்கராஜு, திகம்பர சாமியாரைப் படைத்த வடுவூர் துரைசாமி ஐயங்கார் எல்லோரும் காதலையும் மர்மத்தையும் ஒரே பாத்திரத்தில்தான் சமைத்தார்கள். பெண்ணுக்குக் கல்யாணம் நடக்குமா என்பதும், கொலையைச் செய்தது யார் என்பதும் ஒன்றாக அவிழும். காதல் நாவல் தனி, க்ரைம் நாவல் தனி என்று கடையில் தனித்தனியாகத் தொங்கவிட்டதெல்லாம் பிற்பாடு வந்த ஏற்பாடு.

எண்பதுகளில் மாத நாவல் அலை அடித்தபோது சூளகிரி பஸ் நிறுத்தப் பெட்டிக்கடையிலும் கயிறு கட்டி நாவல்கள் தொங்கின. அந்தத் தலைமுறை வாசகர்களிடம் எழுத்தாளர் பெயரைச் சொன்னால் போதும், தீர்ப்பு தயாராக வரும்.

ராஜேஷ்குமார் என்றால் இரண்டு தண்டவாளங்கள். ஒரு அத்தியாயம் கோவையில் ஒரு குடும்பம், அடுத்தது வேறெங்கோ ஒரு ஆராய்ச்சிக்கூடம். கடைசியில் இரண்டும் எங்கே சேரும் என்பதுதான் ஆட்டம். ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல் நாவல் எழுதிவிட்ட அவரிடம் இந்த வாசகர்கள் வைக்கும் குறை, கொலையாளியைப் பற்றியது அல்ல, சேருமிடத்தைப் பற்றியது. "சில கதையில தானாச் சேரும். சில கதையில பிடிச்சு இழுத்துக் கட்டியிருப்பார்" என்கிறார் தபால்காரர். அவர் கதைகளில் வரும் விவேக்கும் ரூபலாவும் பேசிக்கொள்வதைப் பற்றிக் கேட்டேன். "புருஷன் பெண்டாட்டி அவ்வளவு அன்பா பேசிக்கிட்டா எங்க ஊர்ல சந்தேகப்படுவாங்க" என்று பதில்.

பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் சுசீலா ஜோடியை மறக்காதவர்கள் பெரும்பாலும் ஆண்கள். சுசீலாவின் பனியன் வாசகங்களுக்காகவே நாவல் வாங்கியதை இப்போது கொஞ்சம் கூச்சத்தோடு ஒப்புக்கொள்கிறார்கள். சுபாவின் நரேன் வைஜயந்திக்கு இன்னொரு கட்சி. சுபா என்பது சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இருவர் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. புஷ்பா தங்கதுரை ஓர் ஆண் என்பதும், அவரேதான் ஸ்ரீவேணுகோபாலன் என்ற பெயரில் 'திருவரங்கன் உலா' எழுதினார் என்பதும் பாதிப்பேருக்குத்தான் தெரியும். தெரியாத ஒருவர், அந்தப் பக்தி நாவலைத் தன் அம்மாவுக்குப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். விஷயம் அம்மாவுக்குப் போகவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

உண்மையான சண்டை சுஜாதாவிடம்தான் வருகிறது. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர் என்பதால் இந்தப் பகுதியில் அவரைப் பக்கத்து வீட்டுக்காரர் போலப் பேசுகிறார்கள். அவருடைய வக்கீல் ஜோடி கணேஷ் வசந்த் பற்றி இரண்டாவது கருத்தே கிடையாது. ஆனால் 'கொலையுதிர் காலம்' என்று ஆரம்பித்தால் கமிஷன் கடையில் இரண்டு கட்சி பிரிந்துவிடுகிறது. நடந்ததெல்லாம் விஞ்ஞான வித்தையா, பேயா என்பதை அந்த நாவல் முழுசாகப் பூட்டுவதில்லை. "நான் கேட்டது விடை. அவர் குடுத்தது ரெண்டு விடை" என்று கடைக்காரருக்கு இன்னும் கோபம். நாக்ஸின் இரண்டாவது கட்டளை அமானுஷ்யம் கூடாது என்பதுதான், ஆக நாக்ஸ் கடைக்காரர் பக்கம். கடைக்கு வந்திருந்த பள்ளி ஆசிரியை ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த மிச்சச் சந்தேகம் இல்லையென்றால் புத்தகத்தை மறந்தே போயிருப்பேன் என்கிறார். எனக்கும் ஆசிரியை சொல்வதுதான் சரியென்று படுகிறது. ஆனால் புதினா வாசனை நடுவே அதைச் சொல்லத் துணியவில்லை.

அதே ஆசிரியைதான் பேச்சைக் காதல் பக்கம் திருப்பினார். "நீங்க கொலையைப் பத்தியே கேக்கறீங்க. பொம்பளைங்க படிக்கிற மர்மம் வேற. இவன் நல்லவனா கெட்டவனாங்கறதுதான் அது."

இதைவிடத் தெளிவாகக் காதல் மர்ம நாவல் என்ற வகையை யாரும் விளக்கிவிட முடியாது. 1938-இல் வந்த டாப்னி டு மாரியரின் 'ரெபக்கா' முதல் இன்றுவரை அதன் எலும்புக்கூடு ஒன்றுதான். பெண் ஒருத்தி முன்பின் தெரியாத வீட்டுக்கு வாழப் போகிறாள். வீடு எதையோ மறைக்கிறது. தான் விரும்புகிற ஆணே அந்த மறைப்புக்குக் காரணமா என்று அவளுக்குத் தெரியவில்லை. சுஜாதாவின் 'காயத்ரி' தமிழில் இதன் மிகக் கொடூரமான வடிவம். புதுப்பெண்ணின் சந்தேகம் அங்கே உண்மையாகவே ஆகிவிடுகிறது. 1977-இல் படமானபோது அந்தக் கணவனாக ரஜினிகாந்த் நடித்தார். மறுகோடியில் ரமணிசந்திரன். அவரிடம் சந்தேகம் எப்போதும் தவறாக முடியும். பணக்கார, கோபக்கார நாயகன் உள்ளுக்குள் தங்கம் என்பது கடைசி அத்தியாயத்தில் தெரியவரும். நாயகியோடு சேர்ந்து வாசகியும் நிம்மதியாக மூச்சுவிடுவாள்.

சூளகிரியிலும் ஓசூரைச் சுற்றியும் அறை எடுத்துத் தங்கியிருக்கும் தொழிற்சாலைப் பெண்கள் பலர் தர்மபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். ஓர் அறையில் நான்கைந்து பேர், ஆளுக்கொரு ஷிஃப்ட். தெரிந்த முகம் இல்லாத ஊர். லைனில் பக்கத்தில் நின்று சிரித்துப் பேசுகிறவன் யார், அவன் சொல்லும் சொந்த ஊர் நிஜமா, அங்கே அவனுக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறதா என்பது இவர்களுக்கு நாவலில் மட்டும் வரும் கேள்வியில்லை. பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி சிரிக்காமல் சொன்னாள்: "கதையில ஹீரோயின் அவனோட ஆதார் கார்டைக் கேட்டிருந்தா முதல் அத்தியாயத்துலயே கதை முடிஞ்சிருக்கும்ணா."

ரமணிசந்திரனை அவளுடைய அம்மா படித்திருக்கிறார். ஊரில் நாவல்களை வாங்கி, இரவல் கொடுத்து, திரும்பி வராமல் சண்டை போட்ட தலைமுறை அது. மகள் படிப்பதெல்லாம் போனில்தான். கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் ஆரம்பித்து, இறங்குவதற்குள் இரண்டு அத்தியாயம். தமிழில் தொடர்கதைகள் குவியும் பிரதிலிபி செயலியின் நிறுவனம் இவர்களுக்குப் பக்கத்தில், பெங்களூரிலேயே இருக்கிறது. 2014-இல் தொடங்கியது. அங்கே எழுதுகிறவர்களில் பலர் பெண்கள். கதைகளில் பல, காதலோடு ஒரு மர்ம முடிச்சு போட்டவை.

அம்மாவும் மகளும் பிரியும் இடம் நாயகனின் கோபம். அம்மா தலைமுறைக்கு அது ஆண்மையின் அடையாளம், பின்னால் உருகப்போகிற பனிக்கட்டி. மகள் தலைமுறை அதைத் தடயமாகப் படிக்கிறது. "கையை ஓங்கறவன் கடைசியில நல்லவன்னு எழுதினா நான் நம்ப மாட்டேன். அவன்தான் வில்லன்னு வச்சுக்கிட்டுப் படிப்பேன்" என்றாள் அதே அறையில் இருந்த இன்னொருத்தி. கதாசிரியர் நாயகனாக நிறுத்துகிறவரை வாசகி சந்தேக நபராக வைத்துப் படிக்கிறாள். காதல் மர்ம நாவலுக்கு இதைவிடக் கடுமையான விமரிசனம் எந்தச் சிற்றிதழிலும் வந்து நான் பார்த்ததில்லை. மூன்றாவது பெண் மட்டும் மாறுபட்டாள். "நாள் பூரா நின்னுட்டு வந்து படுக்கறோம். கதையிலயாவது அவன் நல்லவனா இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள். இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

தொடராக வரும்போது வாசகர் கருத்து கதை முடியும் வரை காத்திருப்பதில்லை. இன்று எழுதுகிறவர்கள் நேற்று வந்த திட்டைப் பார்த்து நாளைய அத்தியாயத்தை மாற்றுகிறார்கள். இது போனோடு வந்த பழக்கம் என்று நினைக்கவேண்டாம். குமுதத்தில் சுஜாதாவின் 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' தொடர், ஒரு சமூகத்தாரின் எதிர்ப்பால் பாதியில் நிறுத்தப்பட்டு, பிறகு 'ரத்தம் ஒரே நிறம்' என்று மறுபடி வந்தது. அது மிரட்டல், இது செல்லக்கோபம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாதுதான். ஆனாலும் தொடர்கதை எழுதுகிறவர் தனியாக உட்கார்ந்து எழுதுவதில்லை என்பது பழைய சங்கதி.

2008-இல் சென்னையின் ப்ளாஃப்ட் பதிப்பகம் ராஜேஷ்குமார், சுபா, ரமணிசந்திரன், இந்திரா சௌந்தர்ராஜன் முதலானவர்களின் கதைகளை ப்ரீதம் சக்கரவர்த்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் தொகுத்து வெளியிட்டது. அதன் பிறகுதான் பல ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு இப்படி ஓர் உலகம் இருப்பதே தெரிந்தது. அட்டைப் படங்களின் பளீர் நிறத்தைப் பற்றி நிறைய எழுதினார்கள். இதையெல்லாம் யார் படிக்கிறார்கள், படித்துவிட்டு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதியது குறைவு. இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் காலமானபோது, தொலைக்காட்சியில் அவருடைய 'மர்ம தேசம்' பார்க்க வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்ட நாட்களைத்தான் சூளகிரி வாசகர்கள் நினைவுகூர்ந்தார்கள். அவருடைய சித்தர்களையும் பொக்கிஷங்களையும் நம்பினீர்களா என்று கேட்டால், "படிக்கிற வரைக்கும்" என்று சொன்னார் ஆசிரியை.

எல்லோருக்கும் பொதுவாக ஒரு மனக்குறை உண்டு. கொலை எப்போதும் சென்னையில், கோவையில், ஊட்டி எஸ்டேட்டில் நடக்கிறது. தங்கள் ஊரில் ஒருவரும் செத்துத் தொலைக்கவில்லையே என்கிறார்கள். நியாயமான கேள்விதான். மாநில எல்லை கூப்பிடு தூரம். ராத்திரியெல்லாம் ஓயாத லாரிகள். எந்த ஊர்க்காரர் என்று தெரியாதவர்கள் தங்கும் ஆயிரக்கணக்கான வாடகை அறைகள். பிப்ரவரி பிறந்தால் காதலர் தினத்துக்காக வெளிநாட்டுக்குப் பெட்டி பெட்டியாகப் போகும் ரோஜா. காதல் மர்ம நாவலுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

தபால்காரர் ஒரு கதையைத் தயாராகவே வைத்திருந்தார். ரோஜா ஏற்றிய குளிர்பதன வண்டிக்குள் ஒரு பிணம். வண்டி கிளம்பியது இந்தப் பக்கம். கதவைத் திறந்தது அத்திப்பள்ளி தாண்டி. செத்தவன் தமிழ்நாட்டில் செத்தானா, கர்நாடகத்தில் செத்தானா? எந்த போலீஸ் விசாரிப்பது? பசுமைக்குடிலில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு வண்டி டிரைவர்மேல் காதல், அவன்மேலேயே சந்தேகம். கொலையாளி குடிலின் சூப்பர்வைசர், மூன்றாம் பக்கத்திலேயே வந்துவிடுகிறார். சட்டப்படி எல்லாம் சரி.

இதை அந்தப் பெண்கள் அறையில் சொன்னேன். ஆதார் கார்டுக்காரி முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். "சூப்பர்வைசர்னு சொன்னதுமே தெரிஞ்சுபோச்சுண்ணா. டிரைவரையே கொலைகாரனாக்கச் சொல்லுங்க. அவ கடைசி வரைக்கும் அவனை நம்பட்டும்" என்றாள். மறுநாள் தபால்காரரிடம் போய்ச் சொன்னதற்கு, அதெல்லாம் முடியாது, டிரைவர் தங்கமான பையன் என்று சொல்லிவிட்டார்.