அழிவிலிருந்து மீண்ட இத்தாலி நாட்டுத் திராட்சை

இத்தாலியின் நடுப்பகுதியில் உம்பிரியா என்ற மாநிலம் உள்ளது. கடற்கரை இல்லாத, குன்றுகள் நிறைந்த பகுதி இது. இங்குள்ள மோன்டெஃபால்கோ என்ற சிற்றூரிலும் அதை அடுத்த பெவான்யா முதலிய ஊர்களிலும் பல நூற்றாண்டுகளாகப் பயிராகி வரும் திராட்சை ரகம் சக்ரான்டினோ. 1960-ம் ஆண்டுகளில் இந்த ரகம் அநேகமாக மறைந்தே போகும் நிலையில் இருந்தது. இன்றோ, இத்தாலியின் மிக உயர்ந்த தரச்சான்று பெற்ற கெட்டியான சிவப்பு ஒயின் இதிலிருந்து தயாராகிறது.

கைவிட்டது ஏன்?

சக்ரான்டினோ கருநீல நிறமுள்ள திராட்சை. தோல் தடிப்பானது. தாமதமாகப் பழுப்பதால் பெரும்பாலும் அக்டோபரில்தான் அறுவடை. மகசூலும் அதிகம் வராது. எல்லாவற்றுக்கும் மேலாக, இதன் தோலிலும் விதையிலும் துவர்ப்புச் சத்து மிக அதிகம். உலகில் ஒயினுக்குப் பயிராகும் சிவப்பு ரகங்களில் இந்தச் சத்து மிகுந்தவற்றுள் இதுவும் ஒன்று.

ஆகவே முன்னோர் இதை வேறு விதமாகப் பயன்படுத்தினர். பறித்த கொத்துகளைப் பாய்களில் பரப்பி இரண்டு மாதங்களுக்கு மேல் வாட விடுவார்கள். நீர் வற்றிச் சர்க்கரை கூடும். சாறு புளித்த பின்பும் ஒரு பகுதி சர்க்கரை மிஞ்சி, துவர்ப்பை மட்டுப்படுத்தும். ஈஸ்டர் பண்டிகையன்று ஆட்டுக்குட்டி இறைச்சியுடன் இந்த இனிப்பு ஒயினை அருந்துவது அவ்வூர் வழக்கம். ஆனால் வீட்டுத் தேவைக்கு நாலு கொடி இருந்தால் போதுமே! இரண்டாம் உலகப் போருக்குப் பின் குடியானவர்கள் நகரங்களுக்குப் பிழைப்புத் தேடிப் போனதும் அந்த நாலு கொடியும் கவனிப்பாரற்றுப் போயின.

குறையே நிறைவாயிற்று

1970-ம் ஆண்டுகளில் சிலர் இப்பழத்தை வாட வைக்காமல், சர்க்கரை முழுவதும் புளித்துத் தீரும்படி விட்டு, இனிப்பில்லாத ஒயின் தயாரிக்க முற்பட்டனர். புதிதில் இது நாக்கைப் பிடிக்கும். ஆனால் ஓக் மரப் பீப்பாயிலும் பின்னர் புட்டியிலும் ஆண்டுக்கணக்கில் வைத்தால் துவர்ப்பு தணிந்து சுவை முதிர்கிறது. விற்பனைக்குத் தடையாக இருந்த அதே துவர்ப்பே நெடுநாள் கெடாமல் காக்கும் சத்தாகவும் அமைந்தது.

துணி வியாபாரியான அர்னால்டோ காப்ராய் 1971-ல் இங்கு நிலம் வாங்கினார். 1988-ல் பொறுப்பேற்ற அவர் மகன் மார்க்கோ, மிலான் பல்கலைக்கழகத்தின் துணையுடன் நல்ல தாய்க் கொடிகளைத் தேர்ந்து பெருக்கும் பணியைத் தொடங்கினார். கொடி நடும் இடைவெளி, கவாத்து முறை ஆகியவையும் சோதித்துப் பார்க்கப்பட்டன.

கட்டுப்பாடு உண்டு

1979-ல் இந்த ஒயினுக்கு ஊர்ப்பெயர் உரிமையும், 1992-ல் உயர்ந்த தரச்சான்றும் கிடைத்தன. இதற்கான விதிகள் கடுமையானவை. முழுக்க முழுக்க சக்ரான்டினோ பழமே சேர வேண்டும். எக்டேருக்கு 8 டன்னுக்கு மேல் பழம் எடுக்கக் கூடாது. அதாவது ஏக்கருக்குச் சுமார் 3.2 டன். ஒயினை 37 மாதங்கள் முதிர வைக்க வேண்டும். இனிப்பில்லாத வகையாயின், அதில் 12 மாதமாவது மரப் பீப்பாயில் இருக்க வேண்டும். அறுத்த பழம் காசாக மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும் என்பதால் கையில் முதல் இல்லாதவருக்கு இது எளிதன்று. மகசூலைக் குறைத்து, காத்திருந்து விற்பதற்கு ஏற்ற விலை கிடைத்தால்தான் கட்டுபடியாகும்.

விவசாயிகள் கவனிக்க வேண்டியது இதுதான். விலை போகவில்லை என்று ஒரு நாட்டு ரகத்தை அடியோடு அழித்துவிட்டால் மீண்டும் பெற வழியில்லை. மோன்டெஃபால்கோவில் மதிலுக்கு உள்ளே, வீட்டு முற்றங்களில் சில பழைய கொடிகள் தப்பி நின்றன. சில கொடிகளாவது மிஞ்சியதால்தான் பின்வந்தவர்களுக்குப் பெருக்கக் கிளை கிடைத்தது. வரப்போரத்திலாவது நாலு செடியை விட்டு வையுங்கள். அதன் குணம் எதற்குப் பயன்படும் என்பது நாளைக்குத் தெரியவரலாம்.