மீன் முள் குத்திய கை: சிறு காயம் என்று விட்டுவிடலாமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஜிலேபி மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்த அம்மையார் ஒருவரின் வலக்கை நடுவிரலில் முதுகுத் துடுப்பின் முள் குத்தியது. ஒரு சொட்டு இரத்தம்தான் வந்தது. மஞ்சள் தூளை வைத்து அழுத்திவிட்டுச் சமையலைத் தொடர்ந்தார். திங்களன்று விரல் கனத்தது. செவ்வாயன்று வீட்டருகே ஒரு மருத்துவரிடம் "முள்ளு குத்திருச்சுங்க" என்று கூறி மாத்திரை வாங்கி வந்தார். புதன் இரவு எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அவரை மகன் அழைத்து வந்தபோது, விரல் சற்றே வளைந்த நிலையில் விறைத்திருந்தது. வீக்கம் புறங்கை வரை பரவியிருந்தது. மோதிரம் சதைக்குள் புதைந்து, வெட்டி எடுக்கும் நிலையில் இருந்தது. அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு நோய் உண்டு. அன்றிரவே அறுவை அரங்கில் விரலைத் திறந்து சீழை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

அந்த "முள்ளு" என்ற சொல்லைப் பற்றி முதலில் கூற விரும்புகிறேன். தமிழில் வேலமுள்ளும் முள், மீன் முள்ளும் முள். நம் பகுதியில் தோட்டத்து வேலை செய்வோர் மிகுதி என்பதால், முள் குத்தியது என்றவுடன் கருவேல முள் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் மீனிலும் நீரிலும் வாழும் கிருமிகள் வேறு. அவற்றுக்குரிய மருந்துகளும் வேறு. தோல் தொற்றுகளுக்கு வழக்கமாக எழுதப்படும் மாத்திரைகளில் சில இக்கிருமிகளிடம் பலிப்பதில்லை. ஆகவே எந்த மருத்துவரிடம் சென்றாலும் "மீன் சுத்தம் செய்யும்போது குத்தியது" என்று முழுமையாகக் கூறுங்கள். கடல் மீனா, அணை மீனா, குளத்து மீனா என்பதையும் சேர்த்துக் கூறினால் எங்கள் வேலை பாதி குறையும்.

விரலில் ஏன் இவ்வளவு விரைவாகப் பரவுகிறது?

விரலை மடக்கும் தசைநாண்கள் ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய உறைக்குள் ஓடுகின்றன. வழுக்கிச் செல்ல ஏதுவாக அவ்வுறைக்குள் சிறிது திரவம் உண்டு. மீன் முள் நீளமானது, ஊசி போன்றது. தோலில் துளை சிறிதாகவும் ஆழம் மிகுதியாகவும் அமையும். விரல் மடிப்புகளில் தோலுக்கும் உறைக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. கிருமி ஒருமுறை உறைக்குள் புகுந்துவிட்டால், குழாயில் நீர் ஓடுவது போல் விரலின் முழு நீளத்துக்கும் சென்றுவிடும். கட்டைவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் உறைகள் பெரும்பாலோருக்கு மணிக்கட்டு வரை நீள்கின்றன. சிலருக்கு அங்கே ஒன்றோடொன்று தொடர்பும் கொள்கின்றன. அதனால் கட்டைவிரலில் குத்திய முள்ளுக்குச் சுண்டுவிரல் வீங்குவதையும் நாங்கள் கண்டிருக்கிறோம். உள்ளங்கையின் தோல் தடித்து இறுகியிருப்பதால் சீழ் உள்ளங்கையில் இருந்தாலும் வீக்கம் தளர்ந்த தோலுடைய புறங்கையிலேயே தோன்றும். இது பலரை ஏமாற்றுகிறது.

சிகாகோவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஆலன் கனவெல் ஒரு நூற்றாண்டுக்கு முன்பு வகுத்த நான்கு அறிகுறிகளை இன்றும் நாங்கள் பயன்படுத்துகிறோம். விரல் முழுவதும் ஒரே சீராக வீங்கியிருத்தல். சற்றே மடங்கிய நிலையிலேயே விரல் நிற்றல். தசைநாண் செல்லும் வழி நெடுகத் தொட்டால் வலித்தல். மற்றவர் விரலை மெல்ல நிமிர்த்தும்போது தாங்கவியலாத வலி. இவற்றுள் கடைசியானது பெரும்பாலும் முன்னதாகவே தோன்றும், வீட்டிலேயே பார்க்கவும் இயலும். அது இருந்தால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

நீரிழிவும் கையும்

காலைப் பற்றி நீரிழிவு நோயாளிகளுக்கு நாங்கள் ஓயாமல் கூறுகிறோம். கையைப் பற்றிக் கூறுவது குறைவு. இது எங்கள் பக்கத்துக் குறை. நைஜீரியாவில் 1980களில் விவரிக்கப்பட்டு, பின்னர் தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரில் விரிவாக ஆராயப்பட்ட ஒரு நிலைக்கு "வெப்பமண்டல நீரிழிவுக் கை நோய்" என்று பெயர். பூச்சிக்கடி, கீறல், மீன் முள் போன்ற அற்பக் காயத்தில் தொடங்கி, சில நாட்களில் கை முழுவதும் அழுகும் நிலை அது. விரலை இழந்தவர்களும் உண்டு, உயிரிழந்தவர்களும் உண்டு. அவர்களுள் பலருக்குப் பொதுவாக இருந்தவை கட்டுப்பாடற்ற சர்க்கரையும், மருத்துவமனைக்கு வருவதில் ஏற்பட்ட தாமதமும். இந்தியாவிலிருந்தும் இத்தகைய நோயாளிகள் பற்றிய செய்திகள் மருத்துவ இதழ்களில் வந்துள்ளன.

நீரிழிவு மட்டுமன்று. கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், உறுப்பு மாற்று பெற்றவர்கள், ஸ்டீராய்டு மாத்திரையோ புற்றுநோய் மருந்தோ எடுப்பவர்கள், மண்ணீரல் அகற்றப்பட்டவர்கள் ஆகிய அனைவருக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா போடப்பட்ட கையையும், மார்பகப் புற்றுநோய் அறுவையில் அக்குள் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்ட பக்கத்துக் கையையும் மீன் வேலைக்குப் பயன்படுத்தவே வேண்டாம் என்பது என் கருத்து. வீட்டில் வேறொருவர் செய்யட்டும். அல்லது கடையிலேயே சுத்தம் செய்து வாங்குங்கள். மீன் உண்பதை நிறுத்தச் சொல்லவில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்குக் குழம்பு மீன் நல்ல புரத உணவு.

எந்த மீனில் எந்தக் கிருமி?

கோவைக்குக் கடல் இல்லை. ஆனால் உக்கடம் மீன் சந்தைக்கு இராமேசுவரம், தூத்துக்குடி, கேரளக் கடற்கரை ஆகிய இடங்களிலிருந்து பனிக்கட்டியில் மீன் வருகிறது. பனிக்கட்டி கிருமியின் பெருக்கத்தைத் தடுக்கும், முற்றிலும் கொல்லாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்நாட்களில் ஆழியாறு, அமராவதி, பவானிசாகர் அணைகளின் கட்லா, ரோகு, ஜிலேபி ஆகியவற்றை நாடுவோர் மிகுதி. புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறன்றும் மீன் கடைகளில் கூட்டம் அலைமோதும். அவசரமும் அன்றுதான் மிகுதி.

கடல் மற்றும் கழிமுக மீன்களில் நாங்கள் அஞ்சுவது விப்ரியோ வல்னிஃபிகஸ் என்னும் கிருமியை. கல்லீரல் நோய் உள்ளவரிடம் இது புகுந்தால், ஓரிரு நாட்களுக்குள்ளாகவே ஊதா நிறக் கொப்புளங்களும் காய்ச்சலும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் தோன்றக்கூடும். அரிதானது, ஆனால் மணிக்கணக்கில் கொல்லும். நன்னீர் மீனில் ஏரோமோனாஸ் என்ற கிருமி ஏறத்தாழ அதே வேகத்தில் செயல்படும். இன்னொன்று எரிசிபெலோத்ரிக்ஸ். மீன் வெட்டுவோர், இறைச்சிக் கடைக்காரர்களின் விரலில் ஊதா கலந்த சிவப்புத் தடிப்பாகத் தோன்றும். சீழ் இராது, எரிச்சலும் வலியும் தடிப்பின் அளவுக்குப் பொருந்தாத அளவு மிகுந்திருக்கும். பென்சிலினுக்கு நன்கு கட்டுப்படும். உப்பிடுவதால் இக்கிருமி முற்றிலும் அழிவதில்லை என்பதால், கருவாட்டைக் கையாளும்போதும் அதே கவனம் வேண்டும்.

ஜிலேபி மீனுக்கே உரிய ஒரு வரலாறும் உண்டு. 1995-96 குளிர்காலத்தில் தொடங்கி, கனடாவின் டொராண்டோ பகுதியில் ஒன்பது பேருக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனியே என்னும் கிருமித் தொற்று கண்டறியப்பட்டது. எட்டுப் பேருக்குக் கையில், ஒருவருக்கு இதய வால்வில். அனைவருமே உயிருள்ள அல்லது அப்போதுதான் கொல்லப்பட்ட மீனைச் சமையலுக்காகக் கையாண்டவர்கள். பெரும்பாலும் ஜிலேபி இனம். ஆசிய வம்சாவளியினர். முழு மீனை வாங்கிவந்து வீட்டில் சுத்தம் செய்யும் நம் பழக்கமே அவர்களுடையதும்.

முள் குத்தினால் உடனே செய்ய வேண்டியவை

மோதிரம், வளையலை முதலில் கழற்றுங்கள். வீங்கிய பின் கழற்ற இயலாது. ஓடும் குழாய் நீரில் சோப்பிட்டு ஐந்து நிமிடமாவது கழுவுங்கள். ஐந்து நிமிடம் என்பது நீங்கள் எண்ணுவதைவிட நீண்டது, கடிகாரத்தைப் பாருங்கள். சற்று இரத்தம் வந்தால் வரட்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், அடுப்புச் சாம்பல் ஆகிய எதையும் வைக்க வேண்டாம். மஞ்சளின் மீது நம்மவர்க்குள்ள மதிப்பை நான் அறிவேன். எனினும் குறுகிய துளையின் அடியில் இருக்கும் கிருமியை அது சென்றடைவதில்லை. வாயை மூடிவிடுவதோடு, சிவப்பைக் காண முடியாமல் தோலையும் மறைத்துவிடுகிறது. ஊசியால் குடையவும் வேண்டாம். முள்ளின் நுனி உள்ளே முறிந்திருக்கும் என்ற ஐயம் இருந்தால், முறிந்த மீதியை ஒரு காகிதத்தில் சுற்றி எடுத்து வாருங்கள். எக்ஸ்ரேயில் எல்லா முள்ளும் தெரிவதில்லை, அல்ட்ராசவுண்டு உதவும்.

சிவப்பு இருந்தால் அதன் எல்லையைப் பேனாவால் கோடிட்டு, நேரத்தையும் எழுதிவையுங்கள். சில மணி நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டினால் அதுவே போதிய காரணம், புறப்பட்டு வாருங்கள். காய்ச்சல், நடுக்கம், கொப்புளம், தோல் கறுத்தல், தோற்றத்துக்குப் பொருந்தாத கடும் வலி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் அவ்வாறே. முன்பு கூறிய நோய்கள் உள்ளவர்கள் இவை எதற்கும் காத்திராமல் அன்றே காட்டுவது நல்லது. இத்தகைய ஆழமான காயத்துக்கு, தடுப்பூசிகளை முறையாகப் போட்டவரும் கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தால் மீண்டும் ஒன்று போட வேண்டும்.

கெளுத்தி, தேளி, திருக்கை ஆகியவற்றின் முள்ளில் நஞ்சும் உண்டு. குத்திய உடனே சுரீரென்று ஏறும் வலிக்கு, தாங்கக்கூடிய சூட்டில், ஏறத்தாழ 45 பாகை செல்சியஸைத் தாண்டாத வெந்நீரில் கையை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருப்பது சிறந்த முதலுதவி. அந்நஞ்சு சூட்டில் செயலிழக்கும் புரதத்தால் ஆனது. ஆனால் நீரிழிவால் உணர்ச்சி மங்கிய கைக்குச் சூடு தெரியாது. எனவே குத்துப்பட்டவர் அன்றி வீட்டிலுள்ள இன்னொருவர் தம் முழங்கையை நீரில் வைத்துச் சூட்டைப் பார்க்க வேண்டும். முள்ளின் வலி தீர்ந்து, வெந்த தோலோடு வந்தவர்களும் உண்டு.

சுத்தம் செய்யும்போது

துடுப்பு முட்களை முதலில் கத்தரித்துவிடுங்கள்; செதில் சுரண்டுவது அதன் பிறகு. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். உக்கடத்திலும் பிற கடைகளிலும் கேட்டால் அவர்களே வெட்டித் தருவார்கள். மீனைத் தலைப்பக்கம் துணியால் பற்றி, வாலிலிருந்து தலையை நோக்கிச் சுரண்டுங்கள். மழுங்கிய அரிவாள்மணை வழுக்கும், கூரானதே பாதுகாப்பு. பாத்திரம் கழுவும் இரப்பர் கையுறை, கீறலிலிருந்தும் மீன் கழுவிய நீரிலிருந்தும் காக்கும், முள்ளைத் தடுக்காது. அதை அணிந்துகொண்டு முள்ளை அலட்சியம் செய்வது வீண். விரலில் ஏற்கெனவே வெட்டோ நகச்சுற்றோ இருந்தால் அன்று மீனைத் தொட வேண்டாம். கழிவைச் செய்தித்தாளில் சுற்றி அப்புறப்படுத்துங்கள். கழுவுதொட்டிக்குள் தேங்கிய கழிவை வெறுங்கையால் துழாவியபோது முள் குத்தியவர்கள் நாங்கள் பார்ப்பவர்களுள் உண்டு.

மெல்ல வரும் நோய் ஒன்று

இதுவரை கூறியவை ஓரிரு நாட்களில் தோன்றுபவை. மைக்கோபாக்டீரியம் மரைனம் என்பது காசநோய்க் கிருமியின் உறவு. 1926இல் அமெரிக்காவின் பிலடெல்பியா மீன் காட்சியகத்தில் இறந்த மீன்களில் கண்டறியப்பட்டது. இது புகுந்தால் இரண்டு முதல் நான்கு வாரங்கள், சில வேளை பல மாதங்கள் கழித்தே விரலில் வலியற்ற சிவந்த முடிச்சு தோன்றும். பின் முன்கையில் வரிசையாகச் சில முடிச்சுகள் ஏறும். அதற்குள் முள் குத்தியதையே மறந்திருப்பார்கள். வீட்டில் வண்ண மீன் தொட்டியை வெறுங்கையால் கழுவுபவர்களுக்கும் வரும். மூட்டு வீக்கம் என்று கருதி ஸ்டீராய்டு ஊசி போட்டால் நோய் மோசமாகும். இக்கிருமி 30 பாகை அளவிலான குளிர்ந்த சூட்டில்தான் நன்கு வளரும். 37 பாகையில் மட்டும் வைத்துப் பார்க்கும் ஆய்வகம் "கிருமி இல்லை" என்று அறிக்கை தரக்கூடும். மீன் தொட்டி உண்டு என்று நீங்கள் கூறினால்தான் நாங்கள் ஆய்வகத்திடம் கூற முடியும். சிகிச்சை மூன்று, நான்கு மாதங்கள் நீளும்; முடிச்சு மறைந்தவுடன் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

தொடக்கத்தில் கூறிய அம்மையாருக்கு இரண்டு அறுவைகள் தேவைப்பட்டன. விரல் தப்பியது. அறுவைக்குப் பின் அவர் வலிக்கு அஞ்சிக் கையைத் துணியால் கட்டி அசையாமல் வைத்திருந்தார். குடும்பத்தினரும் இரக்கத்தால் ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க விடவில்லை. தசைநாண் உறையில் சீழ் பிடித்த விரல், மருத்துவர் அனுமதித்த நாள் முதல் அசைக்கப்படாவிட்டால் ஒட்டிக்கொண்டு விறைத்துவிடும். கையை நெஞ்சளவுக்கு மேல் உயர்த்தி வைப்பதும், இயன்முறை மருத்துவர் கற்றுத்தந்தபடி ஒவ்வொரு மணிக்கும் சில முறை மடக்கி நீட்டுவதும் மாத்திரைக்குச் சமமான சிகிச்சை. உடனிருப்போர் எண்ணிக்கை வைத்துச் செய்யச் சொல்லுங்கள். அவர் மகன் சுவரில் ஒரு தாளை ஒட்டிக் கோடு போட்டு வந்தார். ஆறு வாரங்களில் விரல் நுனி உள்ளங்கையைத் தொட இரண்டு சென்டிமீட்டர் குறைவாக இருந்தது. இப்போது ஒரு சென்டிமீட்டர்.