மூலமும் மறுகலவையும்

இக்கால ஆடற்பாட்டுக்களைப் பற்றிப் பேசுமிடத்து அடிக்கடி வழங்கும் சொல் 'றீமிக்ஸ்' என்பதாகும். இதனைத் தமிழில் மறுகலவை எனலாம். இது யாது, இதனால் விளையும் பயனும் கேடும் யாவை என்பவற்றை ஈண்டுச் சுருங்க நோக்குவாம்.

ஒலிப்பதிவு நிலையத்திலே பாடகர் குரல், தாளம், ஏனைக் கருவிகள் ஆகியன வெவ்வேறு தடங்களிற் பதியப்படுகின்றன. அவற்றைக் கூட்டியும் குறைத்தும் ஒன்றாக இணைத்தல் கலவை. அத்தடங்களை மீண்டும் எடுத்து, தாளத்தை மிகுத்து, இடையிசையை நீட்டி வேறுருவம் அளித்தல் மறுகலவை. தமிழ்த் திரையுலகில் இச்சொல், பழைய பாட்டைப் புதிய தாளத்தோடு மீள அமைப்பதையுங் குறிக்கும்.

மேனாட்டில் இதற்குத் தக்க சான்று, மான்செஸ்ரர் நகரத்து நியூ ஓடர் குழுவினர் 1983 இல் வெளியிட்ட 'புளூ மண்டே' ஆகும். தாளப்பொறியையும் மின்னணு இசைக்கருவிகளையுங் கொண்டு அமைந்து, 12 அங்குல இசைத்தட்டில் ஏழு நிமிடத்துக்கு மேல் ஒலிக்கும் இப்பாட்டு, 1988 இல் குயின்சி ஜோன்ஸ் மேற்பார்வையில் மறுகலவை பெற்றது.

அதே 1983 இல் வெளிவந்த 'அடுத்த வாரிசு' படத்துக்கு இளையராஜா இசையமைத்தார். அதில் மலேசியா வாசுதேவன் பாடிய 'ஆசை நூறு வகை' என்னும் ஆடற்பாட்டு யாவரும் அறிந்தது. இருபது ஆண்டுகள் கழிந்தபின், 2003 இல், இளையராஜாவின் மைந்தர் யுவன் சங்கர் ராஜா 'குறும்பு' படத்தில் அதனை மறுகலவையாக்கினார். தமிழ்த் திரையிசையின் முதல் மறுகலவை இதுவே என்பர்.

மறுகலவையை இழிந்ததெனத் தள்ளுதல் முறையன்று. மூலத்துக்கு உரை எத்தகையதோ, பாட்டுக்கு மறுகலவையும் அத்தகையது. ஆயின், பரிமேலழகர் குறளை முன்வைத்தே உரை வகுத்தார். குறளை மறைத்து உரையை மட்டும் தந்தாரல்லர். இப்பாட்டுக்களுக்கோ அந்நெறி பெரும்பாலும் பேணப்படுவதில்லை. எம் தோட்டத்துத் திருவிழாக்களில் ஒலிபெருக்கிவழிப் புதுவடிவங் கேட்கும் பிள்ளைகள் அதனையே மூலமென நம்புகின்றனர். பாடியவர் பெயரும் பாட்டின் ஆண்டும் அவர்க்குத் தெரியா.

ஆண்டு தெரியாமை சிறு குறையன்று. பதுளைத் தமிழர்க்கு 1983 என்பது யூலைக் கலவரத்தில் நகரத்துக் கடைகளும் வீடுகளும் எரிந்த ஆண்டு. அக்காலப் பாட்டொன்றைக் கேட்குந்தோறும் மூத்தோர் பலர்க்கு ஆடலோடு அத்துயரமும் நினைவுக்கு வரும். பிள்ளைகள் ஆண்டை வினவினாலன்றோ அவர்களும் வாய் திறப்பர்!

ஆதலின், வகுப்பில் முதலிற் பழைய வடிவத்தையும் பின்னர்ப் புதியதையும் கேட்பித்து, இரண்டன் ஆண்டுகளையும் ஆக்கியோர் பெயர்களையும் எழுதச் செய்தல் நன்று. வீடு சென்று மூத்தோரை வினவுதல் அதன் அடுத்த பாடமாகுக.