காஞ்சிபுரம் இட்லி

காஞ்சிபுரம் இட்லி என்பது காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் படைக்கப்படும் இட்லி வகை ஆகும். இது கோயில் இட்லி, குடலை இட்லி என்றும் அழைக்கப்படுகிறது. அரிசி, உளுந்து மாவில் மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம் சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் ஊற்றி ஆவியில் வேகவைக்கின்றனர்.

இதில் மிளகாய் சேர்ப்பதில்லை. மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தது மிளகு முதலிய நறுமணப் பொருள்களைத் தேடியே. அவரைத் தொடர்ந்து வந்த போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் மிளகாயை இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். அதற்கு முன் தமிழர் உணவுக்குக் காரம் தந்தவை மிளகு, இஞ்சி, திப்பிலி ஆகியவை. புதிய காய்க்கும் மிளகே பெயர் தந்தது: மிளகு + காய் = மிளகாய். கொடியில் காய்க்கும் மிளகுக்கு மழை மிகுந்த மலைச்சாரல் வேண்டும். மிளகாய் சமவெளித் தோட்டத்திலும் விளையும். அதனால் வீட்டுச் சமையலில் மிளகின் இடத்தை அது பிடித்தது.

உருளைக்கிழங்கும் தக்காளியும் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பியர் வழி வந்தவையே. மரபு பேணும் மடைப்பள்ளிகளிலும் திதிச் சமையலிலும் இவற்றை விலக்கும் வழக்கம் உண்டு. இதனால் குடியேற்றவாதக் காலத்துக்கு முந்தைய சுவையை இவ்வகை உணவுகளில் அறியலாம்.

இன்று உணவகங்களில் இதே இட்லி, மிளகாய் சேர்ந்த சட்னி, சாம்பாருடன் பரிமாறப்படுகிறது. உடன் அருந்தும் காபியும் ஆங்கிலேயர் காலத் தோட்டங்களால் பரவியதே.