மூச்சுத் திணறலும் மன அச்சமும்

மூச்சு முட்டும்போது எவரும் முதலில் செய்வது, காற்றை இன்னும் வேகமாக உள்ளே இழுக்க முயல்வதேயாகும். இஃது இயற்கையே. ஆயினும், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உடையோருக்கு இம்முயற்சியே துன்பத்தைப் பெருக்குகிறது. (வைத்தியர்கள் 'சி. ஓ. பி. டி.' என நான்கே எழுத்துக்களில் கூறும் இந்நோய்க்குத் தமிழில் இத்துணை நீண்ட பெயர் வேண்டியிருக்கிறது. நோயாளி இதனை ஒரே மூச்சில் சொல்லிவிட இயலாது என்பதை மொழிபெயர்ப்பாளர் உணராமலில்லை.)

1990-ல் இந்நாட்டில் 2 கோடியே 81 லட்சம் பேருக்கு இருந்ததாக மதிப்பிடப்பட்ட இந்நோய், 2016-ல் 5 கோடியே 53 லட்சம் பேரைப் பற்றியிருந்தது. பீடி, சிகரெட்டுப் பிடிப்பவருக்கு மட்டுமே இது வருமென்பது தவறு. நுரையீரல் கோளாற்றினால் இருதயத்தின் வலப்புறம் கெட்ட 127 பேரை டில்லியில் ஆராய்ந்து, டாக்டர் எஸ். பத்மாவதியும் எஸ். என். பாதக்கும் 1959-ல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பெண்களில் புகை பிடிப்போர் மிகக் குறைவாயிருந்தும், நோய் இருபாலாரையும் ஏறத்தாழ ஒரே அளவில் தாக்கியிருந்தது. அடுப்புப் புகையின் மீது ஐயம் விழுந்தது.

நலமுள்ள நுரையீரல், இழுத்துவிட்ட ரப்பரைப்போல் தானே சுருங்கிக் காற்றை வெளியேற்றுகிறது. நோயுற்ற நுரையீரலில் அந்த மீள்சக்தி குன்றிவிடுகிறது. நுண்ணிய மூச்சுக் குழல்களும் குறுகி, காற்று முழுதும் வெளிவருமுன்னரே மூடிக்கொள்கின்றன. பழைய காற்று உள்ளே தங்கிவிட, அதன்மேல் புதுக்காற்று வந்து சேர்கிறது. மார்பு உப்புகிறது; உதரவிதானம் தட்டையாகி வலுவிழக்கிறது. ஆகவே குறை, காற்று உட்செல்வதில் இருப்பதைக் காட்டிலும் வெளிச்செல்வதிலேயே மிகுதி.

அச்சம் இவ்விடத்தில்தான் நோயுடன் கைகோக்கிறது. அஞ்சியவர் விரைந்து மூச்சு விடுகிறார். விரைவினால் வெளிமூச்சுக்குரிய நேரம் குறைகிறது. மேலும் காற்று தேங்குகிறது. திணறல் மிகுந்து அச்சமும் மிகுகிறது. எனவே அச்சத்தைத் தணிப்பது வெறும் ஆறுதலன்று, சிகிச்சையின் ஒரு பகுதியேயாம்.

திணறல் தொடங்கியதும் நோயாளி நாற்காலியில் அமர்ந்து, சற்று முன்சாய்ந்து, முழங்கைகளைத் தொடைகளின்மீது ஊன்றிக்கொள்ளட்டும். தோள்கள் தளர்ந்திருக்கட்டும். வாயை மூடி, மூக்கின் வழியே இரண்டு எண்ணும் நேரம் மூச்சை வாங்குக. பின்னர், சூடான பாலை ஆற்றுவதுபோல் உதடுகளைக் குவித்து, நான்கு எண்ணும் நேரம் மெல்ல வெளிவிடுக. குவிந்த உதடுகள் தடுப்பதால் குழல்களினுள் சிறிது அழுத்தம் நிலைத்து, அவை மூடாமல் திறந்திருக்கின்றன. எதிரே விளக்கிருந்தால் சுடர் சாய வேண்டும், அணையலாகாது. அத்துணை மென்மை போதும். (இஃது உவமையே. பிராணவாயு பெறுவோரின் அருகே எத்தீயும் கூடாது.) ஊதும் வேகத்தைக் கூட்டினால் பயன் கெடும். நலமாயிருக்கும் வேளையிலேயே நாள்தோறும் பழகிக்கொள்ள வேண்டும். திணறும் நேரத்தில் புதிதாகக் கற்க முடியாது. மாடிப்படி ஏறுகையில் இம்முறையைக் கைக்கொண்டால் இடையில் நிற்பது குறையும்.

மூச்சுப் பயிற்சி எல்லாம் ஒன்றல்ல. மூச்சை நெடுநேரம் அடக்குதலும், துருத்திபோல் விரைந்து விடுதலும் இந்நோயாளிகளுக்கு ஏற்றவையல்ல. மார்பு மிக உப்பியவர்களுக்கு வயிற்றால் ஆழ்ந்து மூச்சு வாங்குவதும் சில சமயம் சிரமத்தையே தரும். இன்ஹேலர் மருந்தை நிறுத்துவதற்கு எப்பயிற்சியும் காரணமாகாது.

வீட்டார் பலர் அன்பினாலேயே தவறு செய்கின்றனர். சுற்றி நின்று, "என்ன செய்கிறது?" என்று வினாமேல் வினாத் தொடுக்கின்றனர், விடை சொல்ல மூச்சேது? ஒருவர் மட்டும் அருகமர்ந்து, தாமும் உதடு குவித்து மெதுவாக ஊதிக் காட்டினால் நோயாளி அவ்வேகத்திற்கு இறங்கி வருவார். தலையசைவால் விடை கூறத்தக்க கேள்விகளையே கேட்கலாம். மற்றொரு தவறு, "எழுந்திராதே" எனக் கட்டிலில் இருத்திவைத்தல். நடை நின்றால் கால் தசைகள் மெலிகின்றன; பின்னர் சிறு வேலைக்கும் அதிக மூச்சு வேண்டும். அளவான நடையும், தசைப் பயிற்சியும், மனநல உதவியும் சேர்ந்த நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி மூச்சிரைப்பையும் சோர்வையும் குறைத்து, மனநிலையையும் சீராக்குகிறது என்று 65 பரிசோதனைகளைத் தொகுத்த 2015-ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று. உறக்கமின்மையும், எதிலும் நாட்டமின்மையும் நீடித்தால் அவற்றையும் வைத்தியரிடம் கூச்சமின்றிச் சொல்லவேண்டும்.

ஓய்விலும் தணியாத திணறல், ஒரு வாக்கியத்தை முடிக்க இயலாமை, உதடுகள் நீலம்பாரித்தல், குழப்பம் அல்லது வழக்கத்திற்கு மாறான தூக்கமயக்கம் ஆகியவை தோன்றின் பயிற்சியை நம்பிக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்க.