மேட்டூர் நீர் திறப்பும் தேதிக் கணக்கும்

குறுவைக்கு நாற்று விடலாமா, ஒருபோகச் சம்பாவுடன் நின்றுவிடலாமா என்னும் கேள்வி நமது காவேரி டெல்டாவில் வருஷந்தோறும் வைகாசி மாதத்தில் எழுகின்றது. ஆழ்குழாய்க் கிணறு உடையோர் நீங்கலாக மற்றையோருக்கு இதன் விடை மேட்டூர் அணை திறக்கப்படும் தேதியைப் பொறுத்ததே. 1934ல் பாசனத்திற்கு வந்த அவ்வணையை ஜூன் 12ந் தேதி திறந்து ஜனவரி 28ந் தேதி மூடுவது வழக்கம். குறுவையோ குறுகிய காலப் பயிர். நீர் காலத்தில் வந்தாலன்றி, ஐப்பசி அடைமழைக்கு முன் கதிரறுத்துக் களம் சேர்ப்பது அரிது. நீரை நம்பி விட்ட நாற்று முற்றிப்போனால் விதையும் உழவுக் கூலியும் நஷ்டமாவது யாவரும் அறிந்ததே.

ஆதலின், "சில வருஷம் வரும், சில வருஷம் வராது" என்று பொதுப்படப் பேசுவதை விட்டு, தேதிகளை எழுதி எண்ணிப் பார்ப்பதே உத்தமம். 2011 முதல் 2025 முடிய அணை திறந்த தேதிகள் வருமாறு: 2011 ஜூன் 6, 2012 செப்டம்பர் 17, 2013 ஆகஸ்ட் 2, 2014 ஆகஸ்ட் 15, 2015 ஆகஸ்ட் 9, 2016 செப்டம்பர் 20, 2017 அக்டோபர் 2, 2018 ஜூலை 19, 2019 ஆகஸ்ட் 13, 2020, 2021 ஜூன் 12, 2022 மே 24, 2023 ஜூன் 12, 2024 ஜூலை 28, 2025 ஜூன் 12.

இவற்றைக் கணினியில் எக்ஸெல் விரிதாளில் வரிக்கு ஒரு வருஷமாகப் பதிந்து, "ஜூன் 12க்குள் திறந்தவை எத்தனை?" என்று கேட்போம். நிபந்தனைக்கு இணங்கிய வரிகளை எண்ணுவதற்குக் கவுண்டிஃப்ஸ் என்னும் சூத்திரம் உள்ளது. ஆனால் "12-6-2025க்கு மேற்படாதவை" என்று நிபந்தனை இட்டால் 15 என்று விடை வரும். அது முற்றும் பிழை. எக்ஸெல் தேதியை 1900 ஜனவரி 1 முதல் எண்ணிய நாட்களின் தொகையாகவே கொள்வதால், முந்தைய வருஷங்களின் தேதிகள் யாவும் அதற்குள் அடங்கிவிடுகின்றன.

சரியான வழி யாதெனில், பக்கத்தில் ஒரு பத்தி சேர்த்து, திறந்த தேதியிலிருந்து அவ்வருஷத்து ஜூன் 12ஐக் கழித்து எழுதுவதாம். 2022க்கு −19, 2023க்கு 0, 2024க்கு 46, 2017க்கு 112 என வரும். 0க்கு மேற்படாதவற்றை எண்ணினால் 6 கிடைக்கும். பிந்தியவை 9.

இப்பட்டியல் வருஷந்தோறும் வளர்வது. ஆகவே மூன்று காரியங்களில் எச்சரிக்கை வேண்டும். முதலாவது, சூத்திரத்தில் முதல் 15 வரிகளை மட்டும் குறித்தால் பதினாறாம் வரி எண்ணிக்கையில் சேராது. முழுப் பத்தியையும் குறிப்பதாவது, பட்டியலை எக்ஸெல் 'டேபிள்' ஆக்கிவிடுவதாவது நன்று. இரண்டாவது, வருங்கால வரிகளைத் தேதியின்றி முன்கூட்டியே சேர்த்துக் கழித்தல் சூத்திரத்தையும் இழுத்துவிட்டால், வெற்றிடம் சைபராகக் கொள்ளப்பட்டு −164 என்று வரும். திறவாத வருஷமும் காலத்தில் திறந்ததாக எண்ணப்படும். ஆகையால் "தேதிக் கட்டம் வெறுமையாக இல்லாதவை" என்னும் நிபந்தனையையும் உடன் சேர்க்க வேண்டும். மூன்றாவது, 12.6.2025 என்று புள்ளியிட்டு எழுதினால் பல கணினிகளில் அது தேதியாகாமல் வெறும் எழுத்தாக நின்றுவிடும். தேதி கட்டத்தின் வலப்புறம் ஒட்டியும், எழுத்து இடப்புறம் ஒட்டியும் நிற்பதைக் கொண்டு இதைக் கண்டுகொள்ளலாம்.

கிராம உத்தியோகஸ்தர்கள் பசலி வாரியாக எண்ணும்போது மற்றொரு விஷயம் கவனிக்கத்தக்கது. பசலி ஜூலை 1ல் தொடங்கி ஜூன் 30ல் முடிவது. 1434ம் பசலிக்கு, "1-7-2024 முதல்", "30-6-2025 முடிய" என இரண்டு நிபந்தனைகள் இட்டால் 2 திறப்புகள் வரும். 1433ம் பசலிக்கு ஒன்றும் வராது. 2023ம் வருஷத்துத் திறப்பு முந்திய பசலியிலும், 2024ம் வருஷத்துத் திறப்பு பிந்திய பசலியிலும் விழுந்தமையே காரணம். கணக்கு சரியே, ஆனால் இதைப் பார்த்து 1433ம் பசலியில் நீரே வரவில்லை என்று கருதுவது தவறு. சாகுபடி வருஷம் வேறு, பசலி வேறு.

இவ்வாறே காலவரையைப் பொறுத்தும் விடை மாறும். 2012 முதல் 2019 முடிய 8 வருஷங்களில் ஒன்றிலேனும் ஜூன் 12க்குள் நீர் விடப்படவில்லை. 2020 முதல் 2025 முடிய 6 வருஷங்களில் 5ல் விடப்பட்டது. பின்னதை மட்டும் கண்டவர் குறுவை நிச்சயம் என்பார். முன்னதை மட்டும் கண்டவர் குறுவையே வேண்டாம் என்பார். ஆதலால் எண்ணிக்கையைச் சொல்லுமிடத்து, எத்தேதி முதல் எத்தேதி வரை, எந்நிபந்தனையின்மேல் எண்ணியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னுமொன்று. மேட்டூரில் விட்ட நீர் கல்லணைக்கு வரவே சில நாட்கள் செல்லும். கடைமடைக்கு அதனினும் தாமதம். ஆகவே ஒவ்வொருவரும் தத்தம் வாய்க்கால் தலைமதகில் நீர் வந்த தேதிக்கென்று தனிப் பத்தி வைத்து, வருஷந்தோறும் அன்றன்றே பதிந்து வருவாராக. நாற்றங்காலுக்கு நாள் குறிப்பதற்கு அணையின் தேதியைவிடத் தம் மதகின் தேதியே பெரிதும் துணையாகும்.